நிலமும் வீடும்: கடல்கடந்த விடுமுறை இல்லம் குறித்து ஒரு பாடம்

இல்லறத்தார் மேற்கொள்ளும் அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியாக வைக்கப்பெற்றது பரிக்கிரக பரிமாணம். உடைமைக்குத் தாமே ஓர் அளவு வகுத்துக்கொண்டு அதனுள் அடங்கி வாழ்தல் என்பது அதன் பொருள். ஆசார்யர் உமாஸ்வாமி தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இவ்விரதத்தின் அதிசாரங்களைக் கூறுகிறார். விரதத்தை அடியோடு முறிக்காமல் அதற்கு மாசு சேர்க்கும் மீறல்களே அதிசாரங்கள். அவ்விடத்து உடைமைகளை வரிசைப்படுத்துங்கால் முதற்கண் நிறுத்துவது க்ஷேத்திரத்தையும் வாஸ்துவையும். அஃதாவது, நிலத்தையும் வீட்டையும். வெள்ளியும் பொன்னும் அவற்றிற்குப் பின்னரே வருகின்றன.

ஊரில் ஒரு வீடு, கொல்லை, சில காணி நன்செய் என்றிருந்த நாளில் இவ்வளவை வகுத்தல் எளிதாயிருந்தது. இன்று நம் குடும்பத்துப் பிள்ளைகள் பல நாடுகளில் பணிபுரிகின்றனர். ஆண்டில் இருபது நாள் தங்கி வருவதற்கென்று அயல்நாட்டில் ஒரு வீடு வாங்கலாமா என்னும் வினா எழுகிறது. வாங்குவதற்கு முன் அறிய வேண்டுவன யாவை, அறநூல் அதன்கண் யாது கூறும் என்னும் இரண்டையும் இப்பாடத்தில் காண்போம். நம் நாட்டார் விடுமுறைக்கு மிகுதியும் செல்லும் தாய்லாந்தை எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம்.

தாய்லாந்தில் அயல்நாட்டார் நிலத்தை உரிமையாகப் பெறுதல் பொதுவாக இயலாது. 1954ஆம் ஆண்டு நிலச் சட்டம் அதனைத் தடுக்கிறது. ஆகவே புக்கெட் தீவிலோ ஹுவா ஹின் கடற்கரையிலோ தோட்டத்தோடு கூடிய தனிவீட்டைக் காட்டி, ‘இதனை உங்கள் பெயருக்கே எழுதித் தருகிறோம்’ என்று தரகர் கூறுவாராயின் அங்கேயே நின்று வினவுதல் வேண்டும். அயல்நாட்டார் முழுவுரிமையோடு பெறத்தக்கது காண்டோமினியம் என்று பதிவுபெற்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒரு பகுதியே. அதற்கும் வரம்பு உண்டு. 1979ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும், ஒரு கட்டடத்தின் குடியிருப்புப் பகுதிகளின் மொத்தப் பரப்பில் நூற்றுக்கு 49 பங்குக்கு மேல் அயல்நாட்டார் கைக்குச் செல்லலாகாது என்கின்றன. அப்பங்கு நிரம்பிவிட்ட கட்டடத்தில் வீடு காலியாயிருப்பினும் அயல்நாட்டார் பெயரில் பதிவு நடவாது. ஆதலின் முன்பணம் கொடுக்குமுன், அயல்நாட்டார் பங்கில் இடம் உள்ளது என்பதற்குக் கட்டட நிர்வாகத்திடம் எழுத்துமூலம் சான்று பெற வேண்டும். முன்னைய உரிமையாளர் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திலர் என்னும் சான்றும் பதிவுக்குத் தேவை. விலைப்பணம் வெளிநாட்டு நாணயமாகவே அந்நாட்டு வங்கிக்குள் வந்தது என்பதற்கான வங்கிச் சான்றையும் நில அலுவலகம் கேட்கும். உள்நாட்டிலே கைமாற்றாகப் புரட்டிய பணம் இதற்கு உதவாது.

குத்தகையும் ஒரு வழி. அந்நாட்டு உரிமையியல் சட்டப்படி அசையாப் பொருளின் குத்தகை 30 ஆண்டைக் கடத்தலாகாது. அதற்கு மேற்பட எழுதினாலும் 30 ஆண்டாகவே குறையும். மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவாதல் வேண்டும். விளம்பரத்தில் ‘30, மீண்டும் 30, மீண்டும் 30’ என்று காணும்பொழுது முதல் முப்பதை மட்டும் கணக்கிற் கொள்க.

மூன்றாவதாக ஒரு குறுக்குவழியைக் காட்டுவாரும் உளர். அந்நாட்டார் ஒருவர் பெயரிலோ, பெயரளவில் பங்குதாரர்களைச் சேர்த்து அமைத்த நிறுவனத்தின் பெயரிலோ நிலத்தை வாங்கி, உண்மை உரிமையை வேறோர் ஒப்பந்தத்தால் தம் கையில் வைத்துக்கொள்வது. இது அந்நாட்டில் குற்றம். கண்டுபிடிக்கப்பட்டால் நிலத்தை விற்றுவிடும்படி அரசு ஆணையிடும். பெயர் கொடுத்தவரும் தண்டனைக்கு உரியவர். ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்று தரகர் சொல்லலாம். வகுப்பில் எழுத்துப்பாடம் எழுதிவராத மாணவர் சொல்லும் மறுமொழியும் அதுவே.

நம் நூல்கள் இக்குறுக்குவழியை இரண்டு இடங்களில் பெயர்சொல்லி மறுத்திருக்கின்றன. கூடலேகக் கிரியை, அஃதாவது பொய்யாவணம் எழுதுதல், வாய்மை விரதத்தின் அதிசாரம். விருத்த ராஜ்யாதிக்கிரமம், அஃதாவது அரசின் விதியை மீறிப் பொருள் கொள்ளுதல், கள்ளாமை விரதத்தின் அதிசாரம். ராஜ்யம் என்புழி நம் நாட்டரசு ஒன்றே என்று சுருக்கிக் கொள்ளுதற்கு இடமில்லை என்பது நம் கருத்து. எவ்வரசின் எல்லைக்குள் பொருள் கொள்கிறோமோ அவ்வரசின் விதி நம்மைக் கட்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பண்டித ஆசாதரர் சாகார தர்மாமிருதத்தில் இன்னும் நுணுகிக் காண்கிறார். ஒரு வீடு என்று அளவு வகுத்தவர் அடுத்த வீட்டையும் வாங்கி, இடைச்சுவரை இடித்து ‘ஒன்றே’ என எண்ணுதல் மீறல். பொன்னுக்கு அளவு வகுத்தவர் மிகையானதைப் பிறரிடம் ஒப்படைத்து வைத்தலும் மீறல். எண்ணூறு ஆண்டுகட்கு முன்னரே மனித மனத்தின் தந்திரங்களை எவ்வளவு நன்கு அறிந்திருந்தனர்! பிறர் பெயரில் வைத்தல் என்பது இன்று தோன்றிய வித்தையன்று.

இனி நம் நாட்டு விதிகள். இந்தியாவில் வாழ்வோர் வெளிநாட்டில் வீடு வாங்க ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணவனுப்பல் திட்டம் வழி செய்கிறது. 2004இல் 25,000 டாலரில் தொடங்கிய அவ்வரம்பு, 2015 முதல் ஒருவர்க்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலராக உள்ளது. 2025 ஏப்ரல் முதல், ஆண்டில் 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்டு இத்தகைய முதலீட்டுக்கு அனுப்பும் தொகைக்கு நூற்றுக்கு 20 வீதம் வங்கியே வரியாகப் பிடித்துக்கொள்கிறது. பின்னர் வருமானவரியில் அதனைக் கழித்துக்கொள்ளலாமெனினும், வாங்கும் வேளையில் அப்பணமும் கையில் இருத்தல் வேண்டும். வீட்டை ஆண்டுதோறும் வருமானவரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்டுதல் கட்டாயம். காட்டத் தவறினால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 இலட்சம் ரூபாய் தண்டம் விதிக்கப்படலாம். வாடகை வரவில்லை, பூட்டிக் கிடக்கிறது என்பன விலக்காகா.

பூட்டிக் கிடத்தல் என்றதனால் ஒன்று சொல்ல வேண்டும். வெப்பமும் ஈரமும் மிக்க கடற்கரை ஊரில் பதினொரு திங்கள் மூடியிருக்கும் வீட்டில் கரையானும் எறும்பும் கரப்பும் குடியேறும். அடுக்குமாடிக் கட்டடங்களில் பூச்சிக்கொல்லி தெளிப்பதற்கு நிர்வாகமே ஏற்பாடு செய்தல் வழக்கம். அதன் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் அடங்கும். நாம் இங்கே இரவுணவை நீக்கிச் சீவரட்சை பேணும்பொழுது அங்கே நம் பணத்தில் அத்தொழில் நடந்துகொண்டிருக்கும். குடியிருக்கும் வீட்டைத் தூய்மையாக வைத்து உயிர்கள் தோன்றாமற் காக்கலாம். இல்லாத வீட்டை எவ்வாறு காப்பது?

அடுத்து, திக்விரதம். பத்துத் திசைகளிலும் இவ்வளவு தொலைவுக்கு மேற் செல்லேன் என்று வாழ்நாள் எல்லை வகுப்பது அது. கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனை ஆகியவற்றை எல்லைக்குறியாகக் கொள்ளலாம் என்று ஸமந்தபத்திரர் இரத்தின கரண்டகத்தில் காட்டுகிறார். எல்லைக்கு அப்பால் நுண்ணிய பாவமும் நம்மால் நிகழாது என்பதே இவ்விரதத்தின் பயன். இதன் அதிசாரங்களுள் இரண்டு ஈண்டுப் பொருந்தும். வகுத்த எல்லையைப் பெருக்கிக்கொள்ளுதல் க்ஷேத்திர விருத்தி. வகுத்ததையே மறந்துவிடுதல் ஸ்மிருத்தியந்தராதானம். மகள் வாழும் நாட்டிற்குச் சென்று பேரனைப் பார்த்து வருவதற்கு எல்லை வகுத்தவர், அதே எல்லையைக் காட்டி அங்கு வீடும் வாங்குவாராயின், செல்வதற்கு வகுத்த அளவைக் கொள்வதற்கும் அளவாக்கிக் கொள்கிறார். இரண்டும் வெவ்வேறு விரதங்கள்.

தாமே அளவு வகுத்துக்கொண்ட நாடும் உண்டு. சுவிட்சர்லாந்தில் 1983ஆம் ஆண்டுச் சட்டம் அயல்நாட்டார்க்கு விற்கத்தக்க விடுமுறை இல்லங்களை நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 1,500 என வரையறுத்தது. பரப்பையும் பொதுவாக 200 சதுர மீட்டருக்குள் அடக்கியது. 2012இல் அந்நாட்டு மக்கள் வாக்களித்து, ஓர் ஊரின் குடியிருப்புகளில் இரண்டாம் வீடுகள் நூற்றுக்கு 20க்கு மேல் ஆகலாகாது என்று முடிவு செய்தனர். ஆண்டு முழுதும் சாளரங்கள் மூடிய வீடுகளால் மலையூர்கள் நிறைந்ததே அவர்தம் கவலை.

இறுதியாக, பெற்றோர் கையொப்பம். ஒருவர் வரம்பு போதாதபொழுது குடும்பத்தார் வரம்புகளையும் சேர்த்துப் பணம் அனுப்புகின்றனர். தாய் தந்தையரையும் இணையுரிமையாளராகச் சேர்க்கின்றனர். மகன் தன் பணத்தால் தன் பெயரில் வாங்கும் வீடு அவன் பரிமாணத்தைச் சார்ந்தது. தாய் கையொப்பமிட்டால் அது தாயின் வாஸ்துக் கணக்கிலும் ஏறும். ஆகவே அளவு வகுத்த நாளில் எழுதிவைத்த ஏட்டை எடுத்துப் பார்த்த பின்னரே பேனாவை எடுக்க வேண்டும். எழுதிவைக்காதவர் இன்று எழுதலாம்: ஊர், சர்வே எண், பரப்பு, யார் பெயரில் உள்ளது, இதற்கு மேல் எவ்வளவு. ஒரு பக்கத்தில் அடங்கும்.