கஞ்சா தூக்க மருந்து அல்ல

“அது இல்லன்னா தூக்கமே வராது டாக்டர். விட்டுப் பார்த்தேன், மூணு நாள் கண்ணே மூடல. அப்ப எனக்கு அது மருந்துதானே?” கல்லூரி மாணவர் முதல் நைட் ஷிஃப்ட் பார்க்கும் ஐடி ஊழியர் வரை இதே வாதம்தான். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது; எழுதியே வைத்துவிடுகிறேன்.

நம்பிக்கை: கஞ்சாவை நிறுத்தினால் தூக்கம் போகிறது, ஆகவே தூக்கத்துக்குக் கஞ்சா தேவை.

உண்மை: நிறுத்தியதும் தூக்கம் போவதே கஞ்சா உண்டாக்கிய கோளாறு. ஆரம்பத்தில் சிலருக்குக் கண் சீக்கிரம் சொருகும், மறுக்கவில்லை. கஞ்சாவிலுள்ள டிஹெச்சி, மூளையின் சிபி1 ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு அந்த வேலையைச் செய்கிறது. தினமும் இழுத்தால் அந்த ஏற்பிகளே குறைந்துபோகின்றன. பழைய அளவு போதாது, பொட்டலம் கூடும். அப்போது திடீரென நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல், பதற்றம், பசியின்மை, தூக்கமின்மை எல்லாம் வரிசைகட்டும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும். மற்றவை அடங்கிய பிறகும் தூக்கக் கோளாறு சிலருக்கு ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கும். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, கஞ்சாவை நிறுத்தியதும் வரும் இந்தத் தொல்லைகளைத் தனி நோயாகவே சேர்த்து, தூக்கமின்மையையும் கெட்ட கனவுகளையும் அறிகுறிகளாகப் பட்டியலிட்டிருக்கிறது. மூன்றாம் நாள் ராத்திரி புரண்டு புரண்டு படுத்துவிட்டு மறுபடி பற்றவைக்கிறவர், கடனை அடைக்க அதே கந்துவட்டிக்காரரிடம் போகிறவர். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால், சில வாரங்களில் ஏற்பிகள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. மூன்று நாளில் தீர்ப்பு எழுத உங்களுக்கு என்ன அவசரம்?

நம்பிக்கை: கனவே வராவிட்டால் ஆழ்ந்த தூக்கம்.

உண்மை: கனவுகள் அதிகம் வரும் ஆர்இஎம் தூக்கத்தை டிஹெச்சி குறைக்கிறது. நிறுத்தியதும் அந்தக் கனவுகள் மொத்தமாகத் திரும்பும். பெற்றோரே, பிள்ளை அலறி எழுந்தால் மந்திரிக்க ஓடாதீர்கள்.

நம்பிக்கை: வெளிநாட்டில் டாக்டரே எழுதித் தருகிறார்.

உண்மை: தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய்க்குக் கஞ்சாவைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018இல் சொன்னதும் வெளிநாட்டு டாக்டர்கள்தான்: அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி.

நம்பிக்கை: மூலிகை கெடுதல் செய்யாது.

உண்மை: ஊமத்தையும் மூலிகைதான். சித்த வைத்தியர் சுத்தி செய்து, அளவு பார்த்துச் சேர்ப்பதும் தெருமுனைப் பொட்டலமும் ஒன்றா?

சரி, தூக்கமின்மைக்கு என்னதான் வழி? சிபிடி-ஐ என்ற பயிற்சி, அதாவது தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மாத்திரை அல்ல, இதுதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, வராவிட்டால் எழுந்து வெளியே போய் உட்காருவது என்று சில ஒழுங்குகள். போதையும் இல்லை, பெரிய செலவும் இல்லை. இதைக் கற்றுத்தர மாவட்ட மருத்துவமனைக்கு ஒருவரையாவது பயிற்றுவியுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கத்துகிறேன். தூக்க மாத்திரைக்கு இருக்கும் மரியாதை இதற்கு இல்லை.

நிறுத்த நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நாளைக் குறித்துக்கொள்ளுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். கஞ்சாவுக்குப் பதில் குடிக்கவோ, கடையில் கேட்டு மாத்திரை போடவோ வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். முடியாவிட்டால் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள், கட்டணம் கிடையாது.