முதுவன்திடல் பூக்குழியும் நம்ம கதிர்காமமும்




இந்த வாரப் பாடத்தை என் தப்புல இருந்தே ஆரம்பிக்கிறேன். போன வருஷம் ஒரு நாள், ஆபீஸ் வேலைக்கு நடுவுல ஒரு ஃபார்வர்ட் வந்துச்சு. "நம்ம திருவிழாவை அவங்க மதிக்கிறதே இல்ல"ங்கிற மாதிரி. முழுசாப் படிக்காமலே அருப்புக்கோட்டை ஸ்கூல் குரூப்ல தட்டிவிட்டேன். பத்து நிமிஷத்துல ஒரு நண்பன் குரூப்பை விட்டுப் போயிட்டான். ஒரு வார்த்தை பேசல. நான் முதல் தடவை பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பினப்ப, ராத்திரி நடக்கணுமேன்னு டார்ச் லைட் வாங்கிக் கொடுத்தவர் அவனோட அத்தா.

அன்னைக்குத் தூக்கம் வரல. அந்த ஃபார்வர்ட் சொன்னது நிஜமான்னு தேட ஆரம்பிச்சேன். கண்ணுல பட்ட ரெண்டு இடங்களைச் சொல்றேன்.

*1. முதுவன்திடல்*
திருச்சுழிக்கு வடக்கே, திருப்புவனம் பக்கத்துல இருக்கிற ஊர். அங்க பாத்திமா நாச்சியார் பள்ளிவாசல் இருக்கு. நபிகள் நாயகத்தோட பேரன் ஹுசைன் கி.பி. 680-ல கர்பலாவுல உயிர்விட்டதை நினைக்கிற நாள் மொஹரம் பத்து. பாத்திமா அவரோட தாயார். அந்த நாளுக்காக முதுவன்திடல்ல விரதம் இருந்து பூக்குழி இறங்குறவங்க இந்துக்கள். பெண்கள் தலையில ஈரத்துணியைப் போர்த்தி உட்காருவாங்க, தீக்கங்கை அள்ளி அவங்க தலையில கொட்டுவாங்க. எல்லாம் நேர்த்திக்கடன்.

ஹிஜ்ரி வருஷத்துக்கு ஏறக்குறைய 354 நாள்தான். அதனால மொஹரம் வருஷா வருஷம் சுமார் 11 நாள் முன்னாடி வரும். நாம கிருத்திகைக்கு காலண்டர் பார்க்கிற மாதிரி, அந்த ஊர் இந்துக்கள் மொஹரத்துக்குப் பிறை பார்த்து விரதம் இருக்காங்க.

*2. கதிர்காமம்*
அருணகிரிநாதர் திருப்புகழ் பாடின தலம், இலங்கையோட தெற்குல இருக்கு. மூலஸ்தானத்துல சிலை தரிசனம் கிடையாது, திரைதான். ஆடித் திருவிழாவுல பேழைக்குள்ள இருக்கிற யந்திரம் யானை மேல ஊர்வலம் போகும். நமக்குக் கந்தன், சிங்கள பௌத்தர்களுக்கு 'கதரகம தெய்யோ'. வேடர்களுக்கு வள்ளி அவங்க வீட்டுப் பொண்ணு. அதே கோயில் வளாகத்துல பள்ளிவாசலும் இருக்கு. திருவிழா சமயத்துல அங்கயும் கொடி ஏறும்.

*பாடம் என்ன?*
முதுவன்திடல்காரங்க மதம் மாறல. கதிர்காமத்துல நம்ம முருகனும் குறைஞ்சு போகல. அவங்கவங்க சாமியை அவங்கவங்க கும்பிட்டுக்கிட்டே, அடுத்தவங்க நோன்புக்கும் மரியாதை கொடுக்கிறாங்க. சண்டையே வந்ததில்லன்னு நான் சொல்லல. ஆனா ஒரு ஃபார்வர்டைத் தட்டுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: எந்த ஊர்? எப்ப நடந்துச்சு? நேர்ல பார்த்தது யாரு? பதில் இல்லன்னா டெலீட் பண்ணிடுங்க.

மறுநாள் அவனுக்கு போன் பண்ணி மன்னிப்பு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "சரிடா, இந்த வருஷம் பழனிக்கு எப்ப கிளம்புற?"ன்னு கேட்டான். குரூப்புக்கு மட்டும் இன்னும் திரும்பி வரல.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚