இறுவட்டு இயக்கியா, கணினியின் ஒலி அட்டையா?

இலங்கை மலையகத்தின் கொஸ்லந்தையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் பழைய பாடல் இறுவட்டுகளை அம்பிளிபயரில் இணைத்துக் கேட்க விரும்புவோர், தனி இறுவட்டு இயக்கியை வாங்குவதா, கணினியின் ஒலி அட்டையே போதுமா எனத் தீர்மானிக்குமுன், இரண்டும் செய்யும் அடிப்படை வேலை ஒன்றே என்பதை அறிந்திருத்தல் நன்று. 1982இல் விற்பனைக்கு வந்த இறுவட்டு, ஒலியை நொடிக்கு 44,100 மாதிரிகளாக, அதாவது அலையின் உயரத்தைக் குறிக்கும் எண்களாக, 16 பிட் அளவில் சேமிக்கிறது. அவ்வெண்களை மீண்டும் மின்னலையாக்கும் சில்லு இரு கருவிகளிலும் உண்டு.

கணினிக்குள் பொருத்தப்பட்ட அட்டையில், அருகிலுள்ள பிற உறுப்புகளின் மின் இரைச்சல் புகுந்து கீச்சொலியாகக் கேட்கக்கூடும். யூஎஸ்பி வழியாக இணைக்கும் வெளி ஒலி அட்டை இதைப் பெரிதும் தணிக்கும். மடிக்கணினியை இணைத்தவுடன் ‘உம்’ என்ற முழக்கம் எழுந்தால், மின்னேற்றியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முழக்கம் உடனே அடங்கினால் பெரும்பாலும் கோளாறு மின்னேற்றியின் புவித்தொடர்பில் இருக்குமேயன்றி அட்டையில் இராது.

மூடுபனியும் ஈரமும் மிகுந்த மலைச்சரிவில் இயக்கியின் லேசர் வில்லை மங்குவதும், உதிரிப்பாகம் கிடைக்காமல் கருவி மூலையில் கிடப்பதும் புதுமையன்று. ஆதலால் இறுவட்டுகளை, ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்புகளாகக் கணினியில் பதிந்துவைத்து ஒலி அட்டை வழியே கேட்பதே சிக்கனமானது. பிள்ளைகளின் படிப்புக்குக் கணினி ஓயாமல் தேவைப்படும் வீட்டில் மட்டும், நல்ல நிலையிலுள்ள இயக்கிக்கு இடமுண்டு. எதுவாயினும், ஐப்பசி மாதத்துப் பிற்பகல் இடிமின்னலின்போது சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல், பிளக்கையும் முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும்.