புகைக்கும் கணக்கு உண்டு

மட்டாஞ்சேரி பழைய வணிக ஊர். கொச்சிக் காயலின் கரையில் இருக்கிறது. மிளகு, சுக்கு, ஏலக்காய் மூட்டைகள் ஏறி இறங்கிய ஊர். கடைத்தெருவில் ஓட்டுக்கூரைக் கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் அருகிலேயே வீடுகள்.

இந்த ஊர் வியாபாரிக்குக் கணக்குப் புத்தகம் உயிர். எத்தனை மூட்டை வந்தது? எத்தனை போனது? எடை என்ன? யார் கையெழுத்துப் போட்டார்? எல்லாம் புத்தகத்தில் இருக்கும்.

மூட்டைக்குக் கணக்கு இருக்கிறது. புகைபோக்கியில் இருந்து போகும் புகைக்கு? அதற்கும் கணக்கு உண்டு. சட்டமே அந்தக் கணக்கைக் கேட்கிறது. அது என்ன கணக்கு? யார் எழுத வேண்டும்? யார் பார்க்கலாம்? இந்தப் பாடத்தில் தெரிந்துகொள்வோம்.

கொதிகலன் என்றால் என்ன?

இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கிறது. நீராவி மூடியைத் தள்ளுகிறது. இதை எல்லோரும் பார்த்திருப்போம். ஒரு லிட்டர் தண்ணீர் முழுவதும் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேல் இடம் வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் ஆவி நெருக்கும். அந்த நெருக்கலுக்குப் பெயர் அழுத்தம்.

கொதிகலன் ஒரு மூடிய இரும்புக் கலம். உள்ளே தண்ணீர் இருக்கும். அடியில் விறகு, உமி, நிலக்கரி, எண்ணெய் அல்லது எரிவாயு எரியும். அழுத்தத்தோடு நீராவி குழாய் வழியாக வெளியே வரும். தொழிலாளர்கள் இதைப் 'பாய்லர்' என்றே சொல்வார்கள்.

எர்ணாகுளம் மாவட்டத்தில் கொதிகலனுக்குப் பல வேலைகள். காலடியில் உள்ள அரிசி ஆலைகளில் நெல் அவிக்க நீராவி வேண்டும். ஏலூரில் உரத் தொழிற்சாலை இருக்கிறது. அம்பலமுகளில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. அங்கெல்லாம் பெரிய கொதிகலன்கள் உண்டு. பெரிய ஓட்டல், மருத்துவமனை ஆகியவற்றின் சலவைக் கூடத்திலும் நீராவி பயன்படும்.

மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில் ஃபோர்ட் கொச்சி. அங்கே வெளி என்ற இடத்தில் ஒரு சலவைக் கூடம் உண்டு. தமிழ் பேசும் சலவைத் தொழிலாளர்கள் அங்கே வேலை செய்து வந்திருக்கிறார்கள். இவர்களின் முன்னோர் டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடைகளைத் துவைக்க வந்தவர்கள். இப்போதுள்ள கட்டடம் 1976-இல் கட்டப்பட்டது. அங்கே கையால் துவைத்து, வெயிலில் கொடியில் உலர்த்துவது வழக்கம். கொடியில் காயும் வெள்ளைத் துணிக்குப் பகை எது? காற்றில் வரும் கரித்தூள். அந்தத் தூள் துணியில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். நுரையீரலில் விழுந்தால் தெரியாது.

ஒரு வெடிப்பும் ஒரு சட்டமும்

1863-ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஒரு கொதிகலன் பயங்கரமாக வெடித்தது. அதற்கு முன் நம் நாட்டில் கொதிகலனுக்குச் சட்டம் இல்லை. அடுத்த ஆண்டே, 1864-இல், வங்காளத்தில் கொதிகலன்களைச் சோதிக்கச் சட்டம் வந்தது. பிறகு மற்ற மாகாணங்களும் தனித்தனியே சட்டம் செய்தன. நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் 1923-இல் வந்தது. அதன் இடத்தில் 2025-இல் புதிய கொதிகலன் சட்டம் வந்தது.

எல்லாக் கலமும் இந்தச் சட்டத்துக்குள் வராது. 25 லிட்டருக்குக் குறைந்த சிறிய கலத்துக்கு விலக்கு உண்டு. சட்டத்துக்குள் வரும் கொதிகலனைப் பதிவு செய்ய வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஆய்வு செய்து சான்றிதழ் பெற வேண்டும். கேரளத்தில் தொழிற்சாலைகள், கொதிகலன்கள் துறை இதைக் கவனிக்கிறது. கொதிகலனை இயக்குபவரிடமும் தகுதிச் சான்றிதழ் இருக்க வேண்டும்.

ஆபத்து பழைய காலத்தோடு போய்விடவில்லை. 2020 ஜூலை 1-ஆம் தேதி நெய்வேலி அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து நடந்தது. அன்றே 6 பேர் இறந்தார்கள். காயம் அடைந்தவர்களில் மேலும் பலர் பிறகு இறந்தார்கள்.

இது உயிரைக் காக்கும் சட்டம். புகைக்கு வேறு சட்டம் இருக்கிறது. அது 1981-இல் வந்த காற்று மாசுத் தடுப்புச் சட்டம். போபாலில் 1984-இல் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அதன் பிறகு 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

புகையில் என்ன இருக்கிறது?

கரித்தூள் இருக்கிறது. சாம்பல் இருக்கிறது. கந்தகம் உள்ள எண்ணெயோ நிலக்கரியோ எரிந்தால் கந்தக டை ஆக்சைடு வரும். இது மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு முட்டும். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. மூடிய இடத்தில் ஆளையே கொல்லும்.

கரும்புகை வந்தால் நெருப்பு சரியாக எரியவில்லை என்று பொருள். எரிபொருள் வீணாகிறது. முதலாளிக்குப் பணம் நட்டம். ஊருக்கு உடல்நலம் நட்டம்.

நாள் பதிவேட்டில் என்ன எழுத வேண்டும்?

புகை காற்றோடு போய்விடும். பிடித்து வைக்க முடியாது. எழுதி வைத்தது மட்டுமே நிற்கும். ஆகவே கொதிகலன் அறையில் ஒரு நாள் பதிவேடு இருக்க வேண்டும். அதில் எழுத வேண்டியவை இவை:

1. தேதி, நேரம், வேலையில் இருப்பவர் பெயர்.
2. நீர்மட்டக் கண்ணாடியில் தெரியும் நீரின் அளவு.
3. அழுத்தமானி காட்டும் அழுத்தம்.
4. எரித்தது எந்த எரிபொருள்? எத்தனை கிலோ அல்லது லிட்டர்?
5. எத்தனை மணி நேரம் கொதிகலன் ஓடியது?
6. புகையின் நிறம். தூசி பிடிக்கும் கருவி ஓடியதா, நின்றதா?
7. பழுது, அதைச் சரி செய்த நேரம்.

இதை அந்தந்த நேரத்திலேயே எழுத வேண்டும். மாலையில் உட்கார்ந்து காலைக் கணக்கை எழுதக் கூடாது. நாளைய கணக்கை இன்றே எழுதவும் கூடாது. தவறாக எழுதிவிட்டால் அழித்து மறைக்க வேண்டாம். ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்போது யாருக்கும் சந்தேகம் வராது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எரிபொருள் கணக்கு இருந்தால் புகையின் கணக்கையும் போடலாம்.

ஒரு கொதிகலன் மாதம் 1,000 கிலோ உலை எண்ணெய் எரிப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த எண்ணெயில் 100-க்கு 3 பங்கு கந்தகம். அப்படியானால் 1,000 கிலோவில் கந்தகம் 30 கிலோ. கந்தகம் எரியும்போது தன் எடை அளவுக்கே காற்றில் உள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்ளும். ஆகவே 1 கிலோ கந்தகம் எரிந்தால் 2 கிலோ கந்தக டை ஆக்சைடு கிடைக்கும். 30 கிலோவுக்கு 60 கிலோ. ஒரு மாதத்தில் 60 கிலோ ஊர்க் காற்றில் கலக்கிறது. பாதிக் கந்தகம் உள்ள எண்ணெய் வாங்கினால் 30 கிலோதான் கலக்கும்.

டீசல் ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமிலவாயு வரும். ஒரு லிட்டர் டீசலின் எடை ஒரு கிலோகூட இல்லையே, எப்படி வரும்? இங்கேயும் காற்றில் உள்ள ஆக்சிஜன் வந்து சேர்கிறது. இந்த வாயு பெருகினால் பூமி சூடாகும்.

யாருக்கு அறிக்கை கொடுக்க வேண்டும்?

கேரள மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1974-இல் தொடங்கியது. முதலில் நீர் மாசை மட்டும் கவனித்தது. பிறகு காற்று மாசையும் கவனிக்கத் தொடங்கியது. ஏலூரில் அதற்கு ஒரு கண்காணிப்பு மையம் இருக்கிறது. வாரியம் தொழிற்சாலைக்கு இசைவாணை கொடுக்கும். எவ்வளவு புகை விடலாம், புகைபோக்கி எவ்வளவு உயரம் வேண்டும் என்பது அதில் இருக்கும்.

புகைபோக்கியில் மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். அந்தச் சோதனை அறிக்கையைப் பத்திரமாக வைக்க வேண்டும். அதைப் படிப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோதனை நாளில் கொதிகலன் முழு அளவில் ஓடியதா? நெருப்பைக் குறைத்து வைத்துச் சோதித்தால் புகையும் குறைவாகவே தெரியும். அன்றைய நாள் பதிவேட்டையும் சோதனை அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

1992-இல் இன்னொரு விதி வந்தது. வாரியத்தின் இசைவு தேவைப்படும் தொழிற்சாலை ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுச்சூழல் அறிக்கை கொடுக்க வேண்டும். மார்ச் 31-உடன் முடியும் ஆண்டுக்கு, செப்டம்பர் 30-க்குள் கொடுக்க வேண்டும். எவ்வளவு நீரும் மூலப்பொருளும் செலவாயின, எவ்வளவு மாசு வெளியேறியது, கழிவு எங்கே போயிற்று என்று அதில் எழுத வேண்டும்.

அதிகம் மாசு தரும் 17 வகைத் தொழில்களுக்கு 2014-இல் மத்திய வாரியம் இன்னும் ஒரு கட்டளை போட்டது. புகைபோக்கியிலேயே கருவி பொருத்த வேண்டும். கருவி இரவும் பகலும் அளவை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

விபத்தால் அளவுக்கு மேல் புகை போய்விட்டால் என்ன செய்வது? மறைக்கக் கூடாது. உடனே வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். இதுவும் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது.

பார்க்க நமக்கும் உரிமை உண்டு

மத்திய வாரியம் 2009-இல் நாட்டின் 88 தொழில் பகுதிகளை ஆராய்ந்தது. 43 பகுதிகளில் மாசு மிகக் கடுமை என்று சொன்னது. அவற்றில் பெருங்கொச்சியும் ஒன்று. ஆகவே இது அதிகாரிகளும் முதலாளிகளும் மட்டும் பேசிக்கொள்ளும் செய்தி இல்லை. அந்தக் காற்றை மூச்சு விடுகிற எல்லோருக்கும் உரிய செய்தி.

வாரியம் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். யாருக்கு இசைவாணை கொடுத்தது, எந்த அளவு விதித்தது என்பது அதில் இருக்கும். அந்த அளவால் பாதிக்கப்படுகிற எவரும் அலுவலக நேரத்தில் அதைப் பார்க்கலாம். 1981-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை இது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி எழுதியும் கேட்கலாம். பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும்.

எர்ணாகுளம் 1990 பிப்ரவரி 4-ஆம் தேதி நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. கைநாட்டு வைத்த பலர் கையெழுத்துப் போடக் கற்றார்கள். கையெழுத்து என்பது பெயரை எழுதுவது மட்டும் இல்லை. 'நான் படித்தேன், இது உண்மை' என்று சொல்வதுதான் கையெழுத்து. படிக்காமல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் பிறர் செய்த தவறும் நம் தலையில் விழும். படித்துப் பார்த்து, உண்மை என்றால் மட்டும் போட வேண்டும்.

பயிற்சி

1. கொதிகலன் நாள் பதிவேட்டில் எழுத வேண்டிய ஏழு செய்திகளைச் சொல்லுங்கள்.

2. ஒரு கொதிகலன் 2,000 கிலோ எண்ணெய் எரிக்கிறது. அதில் 100-க்கு 2 பங்கு கந்தகம். எத்தனை கிலோ கந்தக டை ஆக்சைடு வெளியேறும்? (விடை: 80 கிலோ.)

3. சோதனை நாளில் மட்டும் நெருப்பைக் குறைத்தால் யாருக்கு இழப்பு? கூடிப் பேசுங்கள்.

4. உங்கள் ஊரில் புகை விடும் ஆலை இருக்கிறதா? அதன் இசைவாணையைக் காட்டும்படி வாரியத்துக்கு ஐந்து வரியில் மனு எழுதுங்கள்.