'சீஜ்' என்னும் சொல்

கோயமுத்தூரில் கோட்டைமேடு என்கிறோம், கோட்டையைத்தான் காணோம். 1791 ஜூனில் திப்பு சுல்தானின் படை அதை முற்றுகையிட்டது. உள்ளே ஆங்கிலேயக் கம்பெனியின் லெப்டினன்ட் சால்மர்ஸ், சிறு படையுடன். ஆகஸ்டில் வந்தவர்கள் விலகினர். மீண்டும் பெரும்படை வந்தது. நவம்பரில் கோட்டை பணிந்தது. சால்மர்ஸ் சீரங்கப்பட்டணத்துக்குக் கைதியாய்ப் போனார்.

முற்றுகையை ஆங்கிலத்தில் 'சீஜ்' என்பர். இச்சொல்லின் பழைய பொருள் இருக்கை! அரணின் முன் படை உட்கார்ந்துவிடுகிறதல்லவா? திருத்தந்தையின் ஆட்சிபீடமாகிய 'ஹோலி சீ'யில் வரும் 'சீ'யும் அதே லத்தீன் வேரில் பிறந்ததே.

'பிளாக்கேட்' என்பது வழியடைப்பு. 1971 போரில் நம் விக்ராந்த் கப்பல் கிழக்குப் பாகிஸ்தானின் துறைமுகங்களை அடைத்தது அவ்வகை.

'ரெய்ஸ் தி சீஜ்' என்பதை முற்றுகையைத் தொடங்குவது என்று எழுதி நம்மில் பலர் மதிப்பெண் இழக்கிறோம். அது முற்றுகையைக் கைவிடுவது. அந்த ஆகஸ்டில் இங்கு நடந்தது. தொடங்குவதற்கு 'லே சீஜ்' என்க.

புறப்பொருள் வெண்பாமாலை முற்றுவோருக்கு உழிஞைப் பூவையும் காப்போருக்கு நொச்சிப் பூவையும் தருகிறது. அக்கணக்கில் சால்மர்ஸ் நொச்சி சூட வேண்டியவர். சளி பிடித்தால் ஆவி பிடிக்க அம்மா வெந்நீரில் இடுவது அந்த நொச்சியின் இலையைத்தான்.