பெயர் எழுதாத தாள்: இணைய விளையாட்டு குறித்து ஒரு வகுப்பறைக் கணக்கெடுப்பு

ஏழாம் வகுப்பில் புள்ளியியல் பாடம். "செல்போனில் கேம் ஆடுவீர்களா? பெயரோடு எழுதிக் கொடுங்கள்" என்றேன். பெரும்பாலான தாள்களில் "ஆட மாட்டேன் டீச்சர்" என்றே இருந்தது. மதிய இடைவேளையில் அதே பிள்ளைகள் மரத்தடியில் ஃப்ரீ ஃபயர் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்லும்படி கேட்டவள் நான்தான்.

இணைய விளையாட்டின் பாதிப்பு குறித்து 2022இல் நம் துறை ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்டபோது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிலளித்தோம். அது நாம் கண்டதைச் சொன்னது. யார், எப்போது, யாருடைய போனில் ஆடுகிறார்கள் என்பதைப் பிள்ளைகளே சொல்ல வேண்டும். அதற்கான வினாத்தாளை மாணவர்களோடு சேர்ந்தே மறுபடி தயாரித்தேன். தலைமையாசிரியர் அனுமதி பெற்று, பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரிடமும் சொல்லிவிட்டுத் தொடங்கினோம்.

1. எல்லோருக்கும் ஒரே தாள். "ஆடுவதில்லை" என்பவர் உடனே பேனாவை மூடிவிட்டால், எழுதிக்கொண்டிருப்பவர் யாரென்று வகுப்புக்கே தெரிந்துவிடும். ஆகவே ஆடாதவர்களுக்கும் அதே எண்ணிக்கையில் கேள்விகள் வைத்தோம்: மாலையில் என்ன செய்வாய், தெருவில் என்ன ஆடுவாய் என்பன போல. தாளை மடித்து அட்டைப்பெட்டியில் போட வேண்டும்.

2. தேவையான விவரம் மட்டும். வகுப்பு, ஆணா பெண்ணா, போன் யாருடையது, வீட்டுத் தொழில் என்ன என்ற நான்கு போதும். ஆனால் பட்டுத்தறி ஓடும் நம் பகுதியிலும், "ஏழாம் வகுப்பு, மாணவி, தறி வீடு, சொந்த போன்" என்று நான்கையும் சேர்த்தால் ஒரே ஒரு பிள்ளையைச் சுட்டிவிடலாம். எனவே ஐந்து பேருக்குக் குறைவான பிரிவைக் கரும்பலகையில் தனியாகக் காட்டுவதில்லை. பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடுவோம்.

3. "தினமும்" வேண்டாம், "நேற்று" என்று கேளுங்கள். தினமும் எவ்வளவு நேரம் என்றால் பிள்ளைகள் உத்தேசமாகத்தான் எழுதுவார்கள். நேற்றைய பொழுது நினைவில் இருக்கும். திங்கட்கிழமை ஒருமுறையும் புதன்கிழமை ஒருமுறையும் கேட்டால் விடுமுறை நாளும் பள்ளி நாளும் தனித்தனியே கிடைக்கும். விடைகளில் "1–2 மணி, 2–3 மணி" என்று கொடுத்தால் சரியாக 2 மணி நேரம் ஆடியவர் எதில் குறிப்பார்? இந்தத் தவற்றை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். பிரிவு இடைவெளி பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

4. பணம் பற்றி மெதுவாகக் கேளுங்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025இல் மத்தியச் சட்டம் தடை செய்தது. ஆனால் விளையாட்டுக்குள் 'டைமண்ட்', உடை வாங்குவது வேறு. "பணம் கட்டி ஆடினாயா?" என்றால் இரண்டும் குழம்பும், பயமும் வரும். "விளையாட்டுக்குள் ஏதாவது வாங்கப்பட்டதா? வீட்டில் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டோம்.

5. கணக்கிடுதல். ஐந்து பேர் ஆடிய நேரம் 0, 0, 1, 1, 8 மணி என்று வைத்துக்கொள்வோம். சராசரி 2 மணி. இடைநிலை 1 மணி. "சராசரியாக எல்லோரும் 2 மணி நேரம் ஆடுகிறார்கள்" என்று சொன்னால் நால்வருக்கு அது பொருந்தாது. 8 மணி நேரம் ஆடும் ஒருவரும் அதற்குள் மறைந்துவிடுவார். நாம் கவலைப்பட வேண்டியது அந்த ஒருவருக்காகத்தான்.

பெயரில்லாத தாளில் அந்த ஒருவரைத் தேடிப் பிடிக்க முடியாது, தேடவும் கூடாது. அதனால் எல்லாத் தாள்களின் அடியிலும் மாணவர் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் அச்சிட்டோம். "என்னிடம் பேச வேண்டுமென்றால் மதியம் நூலக அறையில் இருப்பேன்" என்ற வரியையும் சேர்த்தேன்.

இரண்டாம் முறை வந்த ஒரு தாளில், "அப்பா தறியை விட்டு எழுந்து தூங்கின பிறகுதான் போன் கிடைக்கும்" என்று இருந்தது. முதல் பாடவேளையில் தலை சாயும் பிள்ளைகளை அதுவரை சோம்பேறிகள் என்று திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது, "ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தாய்?" என்று கேட்கிறேன்.