கம்பெனி ஊழியர்களுக்கு குரூப் மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு

1. கொட்டேஷன் கேட்பதற்கு முன்னால் சம்பளப் பட்டியலை எடுத்து வையுங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. கட்டாயம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம், ஊழியர் பங்கு 0.75. குரூப் பாலிசி இருக்கிறதென்று அதை விட முடியாது. இன்கிரிமென்ட்டில் வரம்பைத் தாண்டியவருக்குப் பங்களிப்புக் காலம் முடியும்வரை, அதாவது செப்டம்பர் அல்லது மார்ச் வரை, இ.எஸ்.ஐ. பிடித்தம் தொடரும். அதன்பின் அவர் பெயர் பாலிசியில் ஏறியதா என்று பாருங்கள். இரண்டிலும் இல்லாமல் நிற்பவர்கள் இந்த இடத்தில்தான் உருவாகிறார்கள்.

2. பிரீமியத்தைப் பார்ப்பதற்கு முன் அறை வாடகை வரம்பைப் பாருங்கள். 3 லட்சம் பாலிசியில் வரம்பு 1 சதவீதம் என்றால் நாளுக்கு 3,000 ரூபாய். அவசரத்தில் 6,000 ரூபாய் அறையில் சேர்த்துவிடுகிறார்கள். கிளெய்ம் தொகையில் விழும் வெட்டு வாடகையோடு நிற்காது. அறையின் தரத்துக்கேற்ப டாக்டர் ஃபீஸும் தியேட்டர் கட்டணமும் உயர்வதால், அவற்றையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். அந்த வகையில் 80,000 ஆகியிருந்தால் 40,000தான் கிடைக்கும். மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனைச் செலவுகளில் இந்த வெட்டு கிடையாது என்றாலும், டிஸ்சார்ஜ் கவுன்டரில் மீதிப் பணத்துக்கு அந்தக் குடும்பம் நகையைத்தான் கழற்றும். பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் வரம்பில்லாத தனி அறையைக் கேட்டு வாங்குங்கள்.

3. பெற்றோரைச் சேர்க்காதீர்கள், பிரீமியம் ஏறும் என்று நிர்வாகம் சொல்லும். ஏறும்தான். ஆனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள அறுபது வயது அம்மாவுக்குத் தனியாகப் பாலிசி எடுத்தால், பழைய நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைப்பார்கள். குரூப்பில் முதல் நாளிலிருந்தே அதற்கு கவர் வாங்கித் தரலாம். பில்லில் பத்து, இருபது சதவீதத்தை ஊழியரே கட்டும் கோ-பேயை ஒப்புக்கொண்டாவது பெற்றோரை உள்ளே வையுங்கள். அம்மா அப்பாவா, மாமனார் மாமியாரா என்பதை ஊழியரே தேர்ந்தெடுக்கட்டும். கல்யாணமான பெண்களுக்கு இது முக்கியம்.

4. பிரசவத்துக்கு ஒன்பது மாதக் காத்திருப்பு கூடாது. குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்தே கவர் வேண்டும். சிசேரியனுக்கு உங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் என்ன ஆகிறதென்று விசாரித்துவிட்டுத் தொகையைப் பேசுங்கள்.

5. பாலிசிப் பட்டியலில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி இருக்கட்டும். புதிதாகச் சேர்ந்தவரை அந்த மாதமே ஏற்றுங்கள். அதற்கு சி.டி. பேலன்ஸில், அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் நீங்கள் முன்கூட்டிக் கட்டிவைக்கும் கணக்கில், பணம் இருக்க வேண்டும்.

6. முதல் வருடம் அடிமாட்டு விலைக்கு வரும் கொட்டேஷன், கிளெய்ம் கூடினால் ரினியூவலில் ஒரே தாவாகத் தாவும். கிளெய்ம்களைக் கையாளும் டி.பி.ஏ.விடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளெய்ம் கணக்கு வாங்கி வைத்தால்தான் அப்போது பேரம் பேச உங்களிடம் ஏதாவது இருக்கும்.

7. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு, டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்தில் ஒப்புதல் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் விதித்திருக்கிறது. இதை ஊழியர்களுக்குச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் நீங்களே போன் போட்டுக் கேளுங்கள்.

8. வேலையை விட்டுப் போகிறவருக்கு கவர் அன்றோடு முடிகிறது. அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அவர் நோட்டீஸ் காலத்தில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.